எச்சரிக்கை மசோதா

சட்டமன்றத்துப் பார்வையாளர் மாடத்தில் டீ கிடையாது. செல்போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். உள்ளே போய்விட்டவனுக்குக் காது கொடுத்துக் கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நான் கேட்டேன், ஐயா. போன வருஷம் எங்கள் எம்.எல்.ஏ. பொன்னுரங்கம் அண்ணன் எழுந்து எங்கள் மசோதாவைப் பற்றிப் பேசியதைக் கேட்டேன். மந்திரி சொன்ன பதிலையும் கேட்டேன். "உறுப்பினர் குறிப்பிடும் கசிவுகளால் இதுவரை ஓர் உயிரிழப்பும் இல்லை. ஆகவே தனிச் சட்டத்துக்கு அவசியம் எழவில்லை." மேஜையைத் தட்டினார்கள். அண்ணன் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதை என் மசோதா என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. காத்திவாக்கத்தில் எங்கள் குப்பத்துக்குத் தெற்கே இறால் பதப்படுத்தும் குளிர்கிடங்கு ஒன்று இருக்கிறது. குளிரூட்டுவதற்கு அங்கே அமோனியா ஓடும். பழைய குழாய், அடிக்கடி கசியும். கசிந்தால் உடனே சங்கு ஊத வேண்டும், ஆய்வு முடியும்வரை கிடங்கை மூட வேண்டும், மறைத்தவர்களை உள்ளே தள்ள வேண்டும். மசோதா இவ்வளவுதான். ஹார்பரில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றபின், எங்கள் மீனவர் சங்கச் செயலாளர் என்ற முறையில் வக்கீல் ரேகாவிடம் நடையாய் நடந்து அதை எழுதி வாங்கினேன். அண்ணன் வீட்டு வாசலில் செருப்பு தேயக் காத்துக் கிடந்தேன்.

உயிரிழப்பு இல்லாமல் போனதற்கும் நான்தான் காரணம். அதைத்தான் யாரும் யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் நாற்றம் தினமும் உண்டு. நாறுகிறதே என்று எழுந்து ஓடினால் ஒருவனும் வலை பின்ன முடியாது, ஒருத்தியும் சோறு வடிக்க முடியாது. அதனால் எங்கள் ஜனம் மூக்கை நம்பாது, மாதா கோயில் மணியைத்தான் நம்பும். கிடங்கில் வேலை செய்யும் ஜெரால்ட் எனக்குப் போன் போடுவான். கோபுரத்துச் சாவி என்னிடம்தான் இருக்கும். சாவுக்கு என்றால் நிறுத்தி நிறுத்தி அடிப்போம், காஸுக்கு என்றால் மூச்சுவிடாமல் அடிப்பேன். கேட்டதும் ஈரத் துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே மேற்கே ரோட்டுப் பக்கம் நடந்துவிடுவார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து மிச்ச வேலையைப் பார்ப்பார்கள். பேப்பரில் ஒரு வரி வராது. நான் ஒழுங்காக மணி அடித்து அடித்தே என் மசோதாவைக் கொன்றுகொண்டிருந்தேன் என்பது மாடத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று எனக்கு வந்த ஆத்திரம் மந்திரிமேல் இல்லை. செத்துத் தொலையாத என் ஊர்மேல்தான்.

பங்குனியில் ஒரு மத்தியானம் ஜெரால்டிடமிருந்து போன் வந்தது. "மாமு, வால்வு பூட்ச்சி. இந்த தபா சின்னது இல்ல. சீக்கிரம் அடி." சரி என்று வைத்துவிட்டேன். தெற்குக் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. என் மகள் சாண்ட்ராவை மாதவரத்தில் அவள் அத்தை வீட்டுக்குப் போய் வரச் சொன்னேன், போனாள். பிறகு நானும் கதவைப் பூட்டிக்கொண்டு ரோட்டுக்கு நடந்து, பஸ் ஸ்டாப் நிழலில் உட்கார்ந்தேன். சாவி சட்டைப் பையில் இருந்தது.

யார் சாக வேண்டும் என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை. அதில் நான் கறாராக இருந்தேன். எல்லோருக்கும் ஒரே காற்றுதானே.

ஷைனியைப் பற்றிக் கேட்டீர்கள். அவளுக்கு நான் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் தலையில் தண்ணீர் ஊற்றும்போது கையில் ஏந்தியிருந்தவன் நான்தான். பிறந்ததிலிருந்தே அவளுக்கு வீசிங் உண்டு. அதனால் மணிச் சத்தம் கேட்டால் ஊரில் முதலில் கிளம்புவது அவள் அம்மா ஐரீன்தான். அன்று மணி அடிக்கவில்லை என்பதால் அவள் எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, கண்ணு எரியுது. புள்ள இருமிக்கினே கீது. இன்னும் மணி அடிக்கலியே?"

"மணி அடிக்கலன்னா ஒண்ணும் இல்லம்மா. தெனம் வர்ற நாத்தம்தான். ஜன்னல சாத்திக்கினு புள்ளய படுக்க வை."

"சரி மாமா. நீ சொன்னா சரிதான்."

ஜெரால்ட் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னது அவனுக்கும் எனக்கும் நடந்த பேச்சு மட்டும். இதை அவன் அறியமாட்டான். ஐரீனுக்கும் அந்தப் பேச்சின் அர்த்தம் இன்றுவரை தெரியாது. நானாகத்தான் சொல்கிறேன்.

ஏழு பேர் இறந்தார்கள், ஷைனியோடு சேர்த்து. மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்டவர்களிடம், எனக்குத் தகவலே வரவில்லை, கிடங்குக்காரன் மறைத்துவிட்டான் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். பேனருக்கு எந்தப் படம் போடலாம் என்று ஐரீன் கேட்டபோது, கோயிலில் முதல்முறை நற்கருணை, அதான் புதுநன்மை, வாங்கிய அன்று வெள்ளை கவுனில் எடுத்ததைக் கொடுக்கச் சொன்னேன். டி.வி.காரர்கள் வரும்போது மகளின் இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு பேசச் சொன்னதும் நான்தான். முதல் தடவை சரியாக வரவில்லை. ஒரேயடியாக அழுதுவிட்டாள், ஒரு வார்த்தை புரியவில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மறுபடி பேச வைத்தேன்.

அடுத்த கூட்டத்தொடரில் எங்கள் வரைவை வாங்கி அரசே மசோதாவாகக் கொண்டுவந்தது. அதே மந்திரிதான் தாக்கல் செய்தார், ஷைனியின் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தார். குரல் வாக்கெடுப்பில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. மாடத்தில் என் பக்கத்தில் ஐரீன் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "என் புள்ள பேர உட்ராம காப்பாத்திட்ட மாமா" என்றாள். கூச்சமாக இருந்தது. ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். இனி எங்கள் கடற்கரையில் ஒரு குழந்தையும் அப்படிச் சாகாது. அந்தக் கணக்கையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

மசோதா இப்போது கவர்னர் கையெழுத்துக்குப் போயிருக்கிறது. அது வரும்வரை நான் சொன்னதை வெளியே விடாதீர்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள். பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். எனக்குப் பயமில்லை.

முதல் வரைவில் ரேகா ஒரு பிரிவு வைத்திருந்தார். கசிவு பற்றித் தெரிந்தும் ஊரை எச்சரிக்காதவர் யாராக இருந்தாலும் பத்து வருஷம் சிறை என்பது அது. அடக்கம் முடிந்த மறுநாள் ரேகா வீட்டுக்குப் போய், அந்தத் தண்டனை கிடங்கு முதலாளிக்கு மட்டும் என்று மாற்றி எழுதச் சொன்னேன். ஏழைபாழைகளைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில்தான் ஐயா மாற்றச் சொன்னேன், வேறு ஒன்றுக்கும் இல்லை.