பெரிய பேத்தாலஜி புத்தகம்

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு இளம் தம்பதி. ஜெராம் தாண்டியதும் மனைவி சொன்னாள்:

"பாஸ் பண்ணிட்டீங்க, இனிமே சொல்லலாம். உங்க பெரிய பேத்தாலஜி புத்தகத்த நான்தான் அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வெச்சேன்."

கணவன் வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்து வந்தவன். இங்கே வேலை பார்க்க லைசென்ஸ் சோதனை எழுத வேண்டியிருந்தது; நோய்களைப் பற்றிய பேத்தாலஜி அதில் ஒரு பாடம். முதல் தடவை தவறிவிட்டதாம். எல்லாம் அவர்கள் பேச்சில் தெரிந்ததுதான்.

"ஏன் ஒளிச்ச?"

"போன தடவ பெரிய புத்தகத்தையும் அதோட சுருக்கமான சின்னப் புத்தகத்தையும் மாத்தி மாத்திப் படிச்சு, ரெண்டையுமே முடிக்கல. இந்தத் தடவையாவது சின்னத முழுசா படிக்கட்டும்னுதான். கோவமாங்க?"

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"காணோம்னு அன்னைக்கே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டா தேடிக் கொடுத்துருவியே லா! அது இல்லாமதான் நிம்மதியா படிச்சேன். நீயா கண்டுபிடிச்சுக் கொண்டாந்துடக் கூடாதுன்னு தெனமும் சாமிய வேண்டிக்கிட்டேன்."

அவள் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"நான் எப்ப மாட்டுவேனோன்னு தூங்காமக் கெடந்தேன், பாவி மனுசா!"

சிரிப்பு அடங்க அவர்களுக்கு வெகுநேரம் ஆனது.