கவனக்குறைவு என்று எழுதாதீர்கள்

உங்கள் அறையின் மின்விசிறி டக் டக் என்று சத்தம் போடுகிறதே, அது இறக்கையால் இல்லை இன்ஸ்பெக்டர் ஐயா. மேலே கொக்கியில் ரப்பர் தேய்ந்திருக்கிறது. ஐந்து நிமிட வேலை. யாராவது ஏணி கொண்டுவந்தால் நானே மாற்றித் தருவேன். வேண்டாமா? சரி, விடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். விபத்து அறிக்கையை நேற்று வாசித்துக் காட்டினீர்கள். பிரேக் குழாயில் ஒருவழி வால்வு பொருத்தப்படவில்லை, மெக்கானிக்கின் கவனக்குறைவே காரணம் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். தங்கமான மனசு உங்களுக்கு. ஆனால் அந்த ஒரு சொல் எனக்குத் தொண்டைக்குள் இறங்க மறுக்கிறது. ராத்திரி முழுக்கப் புரண்டு பார்த்தேன், இறங்கவில்லை. அதனால்தான் இன்று நானாகவே வந்திருக்கிறேன்.

இருபத்தாறு வருடமாக வண்டி வேலை பார்க்கிறேன். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று சீட்டு ஒட்டி வைப்பேன். மற்ற பட்டறைக்காரர்கள் என்னை 'டாக்டர்' என்று கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். வேலை முடிந்தபின் என் பட்டறைத் தரையில் ஒரு வாஷர்கூட மிச்சம் கிடந்ததில்லை.

அடிபட்டவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. மெத்தைக் கடைக்காரன். அவன் வாய் இருக்கிறதே, வெறும் பலகையைக் காட்டி, இதுதான் முதுகுக்கு நல்லது என்று இரண்டு விற்றுவிடுவான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும், உண்மையாகவே சொல்கிறேன். அவன் வீட்டுக்கு வந்தால் சிரிப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

மெத்தை ஏற்ற ஒரு பெட்ரோல் பிக்கப் வைத்திருந்தான். ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுதளத்தில் ஞாயிறு காலைகளில் பந்தயம் நடக்கும். நானூறு மீட்டர், நேர்கோடு. பச்சை விளக்கு எரிந்ததும் மிதிக்க வேண்டும். ஓடி முடித்த நேரத்தைத் துண்டுச்சீட்டில் அச்சடித்துத் தருவார்கள். ஒருநாள் சும்மா விளையாட்டுக்கு இவனும் ஓட்டினான். பதினேழு புள்ளி நான்கு விநாடி. பக்கத்தில் ஓடிய ரொட்டிக்கடை வேன்கூட அவனை முந்திவிட்டது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அன்று மாலையே என் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தான்.

"மாமா, அந்த ரொட்டி வேனை மட்டும் நான் தாண்டிடணும். அப்புறம் செத்தாலும் பரவாயில்ல."

சொன்னது அவன், நான் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டர்போ போடலாம் என்றேன். புகைக்குழாயில் வீணாக வெளியேறும் புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். கூடுதல் காற்று, கூடுதல் பெட்ரோல், கூடுதல் வேகம். கேட்க எளிது. அந்த பிக்கப்பின் முகப்புக்குள் ஒரு கை நுழையவே இடமில்லை. அட்டையை வெட்டி வெட்டி அளவு பார்த்து, ஒரே குழாயைப் பதினொரு முறை வளைத்தேன். ஐந்து வாரம் ஆனது. மச்சினன் ஆயில் டின்மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றபடி கதை சொல்லிக்கொண்டிருப்பான். ஒரே ஒரு தடவை டார்ச் பிடித்தான், அதையும் என் கண்ணில் அடித்தான். ஆனாலும் அவை நல்ல நாட்கள்.

இப்போது அந்த வால்வுக்கு வருகிறேன். பிரேக் மிதியைக் கால் மட்டும் அழுத்தினால் போதாது. பூஸ்டர் என்று ஒரு வட்ட டப்பா, இன்ஜின் காற்றை உறிஞ்சும் பலத்தைக் கடன் வாங்கிக் காலுக்கு உதவும். டர்போ வேலை செய்யும்போது இன்ஜின் பக்கம் உறிஞ்சல் இருக்காது, தள்ளல்தான் இருக்கும். அந்தத் தள்ளல் டப்பாவுக்குள் புகுந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்துவிடும். அப்புறம் மிதி கல்லாகிவிடும். அது புகாமல் தடுக்கத்தான் விரல் பருமனில் ஒரு வால்வு. நான் அதைப் போட்டேனா இல்லையா? போட்டேன் ஐயா. புதிதாக வாங்கி, வாயால் ஊதிப் பார்த்து, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு முடுக்கினேன்.

முதல் ஓட்டம் பதின்மூன்று புள்ளி ஒன்பது. ரொட்டி வேன் எங்கேயோ பின்னால் புள்ளியாகத் தெரிந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒலிபெருக்கிக்காரர் ஓடிவந்து, யார் செய்த வேலை இது என்று மச்சினனிடம் மைக்கை நீட்டினார்.

"எல்லாம் நம்ம கைவேலைதாங்க. மாமாவும் கூட இருந்தாரு, பாவம், ஸ்பானர் எடுத்துக் குடுத்தாரு."

எல்லோரும் எனக்காகவும் கை தட்டினார்கள். நானும் சிரித்துக் கையை உயர்த்தினேன். அதன்பின் பத்து பந்தயம், பத்திலும் இதே பேச்சு. ஆட்கள் மெத்தைக் கடைக்குப் போய் அவனிடம் யோசனை கேட்டார்கள். அவன் அவர்களை என்னிடம் அனுப்பி, தான் சொன்னபடி செய்து கொடுக்கச் சொன்னான். ஒருநாள் தன்மையாகக் கேட்டேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தானே மாமா என்றான். அதுவும் சரிதான். வயிற்றெரிச்சல் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அந்தக் குணமே கிடையாது, என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.

பன்னிரண்டாவது பந்தயத்துக்கு முந்தின நாள் ஆயில் மாற்ற வண்டியை விட்டுப் போனான். வால்வைக் கழற்றினேன். அதே நீளத்துக்கு ஒரு வெறும் இரும்புக் குழாய்த் துண்டை ரப்பர் குழலுக்குள் சொருகி, பழைய கிளிப்பையே அரை விரல் தள்ளி முடுக்கினேன். அறிக்கை எழுதிய உங்கள் பொறியாளர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அந்தக் குழலை மறுபடி பார்க்கட்டும். கிளிப் கடித்த தடம் இரண்டு இடத்தில் இருக்கும். போட்டதைக் கழற்றினால்தானே இரண்டு தடம் வரும்? இதைக்கூடக் கவனிக்காதவர் என் கவனத்தைப் பற்றி எழுதுகிறார்.

மெத்தை ஏற்றிப் போகும்போது ஒன்றும் ஆகாது, அந்த வேகத்தில் டர்போ எழவே எழாது. முழு மிதியில்தான் தெரியும். கோட்டைத் தாண்டியதும் பிரேக் பிடிக்காது. கடைசியில் இருக்கும் மணல் படுகையில் வண்டி மூக்கைச் சொருகிக்கொண்டு நிற்கும். மச்சினன் தலையெல்லாம் மணலோடு இறங்குவான். நீயே செய்ததுதானே, நீயே சரி செய் என்று மைக்கில் சொல்லுவார்கள். அவன் திருதிருவென்று விழித்து என்னைத் தேடுவான். இவ்வளவுதான் என் ஆசை. யாருக்கும் தோன்றக்கூடியதுதான்.

ஞாயிறு காலை சீக்கிரமே போய் அந்த மணலை நடந்து பார்த்தேன். எதையும் பார்க்காமல் விடும் பழக்கம் எனக்கில்லை. மூன்று நாள் மழையில் மணல் இறுகி சிமெண்ட் தரையாகக் கிடந்தது. குதிகாலால் ஓங்கி மிதித்தேன், தடம் விழவில்லை. அதற்கு அந்தப் பக்கம் முப்பது அடியில் வடிகால் சுவர். அதையும் காலடியால் அளந்தேன். பிறகு திரும்பி வந்து, டயர் நான்கிலும் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தேன்.

நேரம் பதின்மூன்று புள்ளி இரண்டு. அந்த வண்டி ஓடியதிலேயே அதுதான் சிறந்தது. சீட்டு என் சட்டைப் பையில் இருக்கிறது, பார்க்கிறீர்களா? மணல்மேல் வண்டி சர்ரென்று போய்ச் சுவரில் மோதியது. அவனுடைய இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை இப்போது.

அதற்கு மேல்தான் எனக்குத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்க மாமா. வயசாகுதுல்ல, மறந்துட்டீங்க. நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கல."

மறந்துவிட்டேனாம். நானாம். வீட்டில் மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் அடுப்பை அணைத்தால் பின்னாலேயே வந்து இன்னொரு முறை திருகிப் பார்க்கிறாள். "உங்கமேல தப்பில்லங்க, நீங்க என்ன வேணும்னேவா பண்ணீங்க" என்கிறாள். இருபது வருட வாடிக்கையாளர் ஒருவர், சக்கர நட்டையெல்லாம் இன்னொரு தரம் பார்த்துடுங்க டாக்டர் என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போகிறார். அவமானமாக இருக்கிறது ஐயா. சிறைக்குப் போனால்கூட இவ்வளவு இருக்காது.

ஆகவே எழுதுங்கள். வால்வைக் கழற்றியது நான். வேண்டுமென்றே, முழு நினைவோடு. மணல் தாங்காது என்று தெரியும். சுவர் எவ்வளவு தூரம் என்றும் தெரியும். ஒரு வேலைகூடப் பிசகவில்லை.

மச்சினன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவன் மறுபடி ஓட்டவேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். இடது காலுக்குப் பதில் கையாலேயே கிளட்ச் பிடிக்க ஒரு நெம்புகோல் வரைந்து வைத்திருக்கிறேன், பிரேக்கையும் கூடவே புதிதாகப் பார்த்துக் கொடுத்துவிடலாம். நான் வெளியே வரும்வரை அந்த வண்டியை வேறு எந்த மெக்கானிக்கும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கவனக்குறைவாக எதையாவது செய்து, பிள்ளையின் உயிருக்கு உலை வைத்துவிடுவார்கள்.