இரண்டாம் கொதி

மெய்சுவான்: கஷாயச் சட்டியைத் தூக்கிட்டு எங்கே கிளம்பிட்டே?

குவோலியாங்: தினம் போறதுதானே... சக்கையை ரோட்டுல கொட்டி நாலு பேர் மிதிச்சாத்தானே உன் நோவு அவங்க காலோட போகும்?

மெய்சுவான்: கொட்டப் போற சட்டிக்கு மூடி எதுக்கு?

குவோலியாங்: சூடா இருக்கு.

மெய்சுவான்: சூடா இருந்தா திறந்துவெச்சு ஆறவிடுவாங்க.

குவோலியாங்: ஐயோ... ஆரம்பிச்சுட்டியா? நாள் நெருங்குதா?

மெய்சுவான்: எதைக் கேட்டாலும் நாளைக் காட்டிடு!

குவோலியாங்: நானா சொன்னேன்? ஃபாங் வைத்தியர் நாடி பிடிச்சுட்டுச் சொன்னாரு. மாசவிலக்குக்கு முன்னாடி உனக்குக் கல்லீரல்ல காத்து அடைச்சுக்குதாம். அதான் கோபம், அழுகை, வீண் சந்தேகம்...

மெய்சுவான்: கோபம், அழுகை அவர் சொன்னது. சந்தேகம் நீ சேர்த்தது.

குவோலியாங்: மில்லுல இருந்து வந்ததும் வராததுமா அடுப்புல நின்னு காய்ச்சித் தர்றேன். இந்தத் தெருவுல வேற எந்தப் புருஷன் செய்றான், சொல்லு?

மெய்சுவான்: அதான் எனக்கும் புரியலை. நூடுல்ஸைக் குழையாம எடுக்கத் தெரியாத ஆளு! அது சரி... ஒரு பொட்டலத்தை ரெண்டு தடவை கொதிக்கவைக்கணும்னுதானே சொன்னாரு? எனக்கு ஒரு கொதிதானே வருது?

குவோலியாங்: உன் உடம்புக்கு... ஒண்ணே போதும்.

மெய்சுவான்: போன வாரம், நீ தினம் கொட்டுறதாச் சொல்ற பாலத்து முச்சந்தியில போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஹூ அக்கா கொட்டின சக்கை கிடந்துச்சு. நம்மளதைக் காணோம்.

குவோலியாங்: பெருக்கியிருப்பாங்க.

மெய்சுவான்: ஹூ அக்காவோடதை மட்டும் விட்டுட்டா?

குவோலியாங்: மெய், நீ போய்ப் படு. இப்ப நீ பேசலை, உன் உடம்பு பேசுது.

மெய்சுவான்: எனக்கு விலக்கு வந்து முடிஞ்சே போச்சு.

குவோலியாங்: ...எப்போ?

மெய்சுவான்: நீ எங்கே கவனிச்சே? கோபம் இல்லை, அழுகை இல்லை. சந்தேகம் மட்டும் அப்படியே இருக்கு. இத்தனை மாசமா எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சோன்னு பயந்து செத்துக்கிட்டிருந்தேன், தெரியுமா?

குவோலியாங்: அது வந்து...

மெய்சுவான்: சாயப்பட்டறைத் தெருவுல ஒரு பச்சைக் கதவு வீடு. அந்த வாசலுக்கு நேரே, ரோட்டுல, நம்ம சக்கை.

குவோலியாங்: மருந்துச் சக்கை எல்லாம் பார்க்க ஒண்ணுபோலத்தான் இருக்கும்!

மெய்சுவான்: நான் பல்லால கடிச்சுக் கொட்டை எடுத்து மருந்தோட போட்ட இலந்தைப்பழமும் எல்லார் சக்கையிலயும் கிடக்குமா?

குவோலியாங்: ...சட்டியைக் கீழே வைக்கட்டுமா?

மெய்சுவான்: வை. யாரு அவ? உன் வாயால சொல்லு.

குவோலியாங்: சூயிங்... மில்லுல கூட வேலை பார்க்குறா.

மெய்சுவான்: அவளுக்கு எதுக்கு என் மருந்து?

குவோலியாங்: அவளுக்கும்... மாசாமாசம்...

மெய்சுவான்: மாசாமாசம்?

குவோலியாங்: ராத்திரி ஏன் தங்கமாட்டேங்குறே, வீட்டுல யாரு இருக்கான்னு துருவித் துருவிக் கேக்குறா. அவளுக்கும் கல்லீரல்ல காத்து அடைச்சதாலதான் இந்தச் சந்தேகம்னு சொல்லி... ரெண்டாவது கொதியை அவளுக்கு...

மெய்சுவான்: இனிமே கேக்கமாட்டா. மத்தியானமே நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசிட்டோம். உன் பெட்டியைக் கட்டி வாசல்ல வெச்சிருக்கேன். தூக்கிட்டு அங்கே மட்டும் போயிடாதே, அவ கதவைத் திறக்கமாட்டா.