கடைசி அறையில் நின்றவள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த விளக்கு போதும், திரியை ஏற்ற வேண்டாம். இது என் நண்பனுடைய அக்காவுக்கு நடந்தது. அவள் சொன்ன வரிசையிலேயே சொல்லப் பார்க்கிறேன். எங்காவது கூட்டிச் சொல்கிறேன் என்று பட்டால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்...

மாலை ஐந்தேகால். இரண்டு பக்கமும் மரங்கள். எதிரே ஒரு வண்டி இல்லை. அந்தச் சாலையில் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் காரில் போய்க்கொண்டிருந்தார்கள். ஊருக்கு வெளியே இருந்த ஓவியக் கூடத்துக்கு. ஆறு மணிக்கு அதைப் பூட்டிவிடுவார்கள்.

“பெட்ரோல் பங்க்லயே வழி கேட்டிருக்கலாம். கேட்டா கிரீடம் கழண்டு விழுந்துடுமா?”

“சரி, இப்ப கேக்கறேன். யாரைக் கேக்க? மரத்தையா?”

அக்கா பல்லைக் கடித்தாள். அவளுக்கு அம்மா முகம் தெரியாது. இவளும் தம்பியும் கைக்குழந்தைகளாக இருந்தபோதே அம்மா இறந்துபோய்விட்டாள். வீட்டிலிருந்த புகைப்படங்களை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. போன வாரம்தான் பெரியம்மா பேச்சுவாக்கில் சொன்னாள்: “உங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஓவியர் வரையறதுக்கு நின்னிருக்காடி. ஜன்னல் பக்கத்துல நிக்கிற மாதிரி. அந்தப் படம் கூடத்துல இருக்காம். நான்தான் போய்ப் பார்க்கவே இல்ல.” விசாரித்தால், படத்தை யாரோ வாங்கிவிட்டார்கள். மறுநாள் காலை கப்பலேறப் போகிறது.

இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

வாசலில் காவலாளி நிறுத்தினார். பை, கைபேசி எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார். பூட்டு திறக்கவில்லை. வேறு பெட்டி. அதற்குச் சாவி இல்லை. கடைசியில் அக்கா பையை வீட்டுக்காரர் கையில் திணித்தாள். அவருக்குக் கால் வலி, உள்ளே வரவில்லை.

“நீங்க பின்வாசல் பெஞ்சுல உக்காருங்க சார், அந்த வழியாத்தான் வெளிய வருவாங்க” என்றார் காவலாளி. அக்காவிடம், “அம்பு போட்டிருக்கிற பக்கமாவே போங்கம்மா. திரும்பி வரக் கூடாது” என்றார்.

“ஜன்னல் பக்கம் ஒரு பொண்ணு நிக்கிற படம்?”

“கடைசி ரூம்.”

கடைசி அறைதான். வேறெங்கே இருக்கும்? வாள்களைத் தாண்டி, பானைகளைத் தாண்டி, மீசை மீசையாகத் தொங்கிய பெரிய மனிதர்களைத் தாண்டி ஓடினாள். பின்னாலேயே காவலாளி ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு வரும் சத்தம். டக்... கொஞ்சம் தள்ளி இன்னொரு டக்...

பேய் எங்கே என்று முறைக்காதீர்கள். வந்துவிட்டோம்.

கடைசி அறையில் ஒரே ஒரு படம். அதற்கு முன்னால் ஒரே ஒரு பெண். முதுகு காட்டி, சட்டத்தோடு ஒட்டினாற்போல் நின்றிருந்தாள். தோளில் சால்வை. நீளமான பின்னல். படத்தில் ஜன்னலின் ஒரு மூலை மட்டும் அவளைத் தாண்டித் தெரிந்தது. அறை முழுக்க டர்பன்டைன் வாடை. சுவருக்கு வர்ணம் அடிக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள் அக்கா.

பொறுத்தாள். இருமினாள். இடது பக்கம் எட்டிப் பார்த்தாள், வலது பக்கம் எட்டிப் பார்த்தாள். எங்கே போனாலும் அந்த முதுகு.

“கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?”

அசைவில்லை... டக்.

“ஏங்க, உங்களைத்தான்!”

டக். பக்கத்து அறை.

காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் பொங்கியது. “படத்தை விலைக்கு வாங்கினது நீங்கதானா? நாங்களும் டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கோம்! தள்ளுங்க!” என்று தோளைப் பிடித்துத் தள்ளினாள். தோள் சில்லென்று இருந்தது. கொஞ்சம் பிசுபிசுத்தது.

அந்தப் பெண் மெல்லத் திரும்பி, அக்காவை உரசிக்கொண்டு பின்வாசல் பக்கம் நடந்தாள். காலடிச் சத்தமே இல்லை. அக்கா அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. கண் முழுக்கப் படத்தில்.

படத்தில் ஒரு ஜன்னல். தரையில் விழுந்த வெயில். ஆள் இல்லை.

மூலை மூலையாகத் தேடினாள். இல்லை. இதற்காகவா இவ்வளவு ஓட்டம்? ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. காவலாளி வந்து சுவரில் கை வைத்தார்.

“நேரம் ஆச்சும்மா.”

“ஜன்னல் பக்கம் பொண்ணு நிக்கிற படம்னு கேட்டேனே?”

“இதேதாம்மா.”

“இதுல யாருமே இல்லையே!”

“நல்லாப் பாருங்க. பச்சைச் சால்வை, நீளப் பின்னல். முதுகைக் காட்டிட்டு நிக்கும். வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து அந்த முதுகைத்தான் பார்க்கறேன். மூஞ்சி எப்படின்னு யாருக்கும் தெரியாது.” அவர் படத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழக்கம். டக்.

இருட்டில் அக்கா நின்றாள்.

உரசிக்கொண்டு போனாளே... ஒரு சாண் தூரத்தில், முகத்துக்கு நேராக. திரும்பியிருந்தால் போதுமே.

பின்வாசலுக்கு ஓடினாள். பெஞ்சில் வீட்டுக்காரர் கைபேசியில் மூழ்கியிருந்தார்.

“இந்தப் பக்கம் ஒரு பொண்ணு வந்தாளா?”

“நீதானே வந்தே?”

“நான் இப்பத்தான் வரேன்!”

“யாரோ வந்து நின்னாங்க. நீதான்னு நினைச்சு, கார் திறந்திருக்கு, போய் உக்காருன்னேன்.”

“மூஞ்சி... மூஞ்சி எப்படி இருந்துது?”

“யாரு நிமிர்ந்து பார்த்தா?”

அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பச்சை. ஈரம் காயாத பச்சை.

போய்க் காரின் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். உள்ளே டர்பன்டைன் வாடை. வண்டி அதே சாலையில் ஏறியது. அதே மரங்கள்.

“பெயின்ட் நாத்தம் அடிக்குதில்ல?” என்று வீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கினார்.

அக்கா வந்ததே அந்த முகத்துக்காகத்தானே? பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் இந்தத் தடவை விடக் கூடாது என்று, “அம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டே சட்டென்று திரும்பினாள்.

பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பின் கண்ணாடி பக்கம் திரும்பி, பின்னால் விலகிப் போகிற சாலையைப் பார்த்தபடி. நீளமான பின்னல். பச்சைச் சால்வை. அதன் தோளில் மட்டும் நிறம் இல்லை... ஐந்து விரல் அகலத்துக்கு.