சேற்றுக்குக் கொஞ்சம் காற்று

எனக்குக் காற்றோட்டம் பிடிக்கும், மிஸ் பிரேமாவதி. எந்த அறைக்குள் போனாலும் முதலில் சன்னலைத்தான் தேடுவேன். விசாரணைக்கென்று தலைமை அலுவலகம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் இந்த அறையில் சன்னல் இல்லை. பரவாயில்லை, சமாளித்துக்கொள்கிறேன்.

வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தரலாம் என்று நீங்கள் அனுமதித்ததற்கு நன்றி. மலாயாவுக்கு வந்து மூன்று தலைமுறையாக அலோர் ஸ்டாரில் அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணக் குடும்பம் எங்களுடையது. வீட்டில் நல்ல தமிழும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயமும் தவறியதில்லை. ஆகவே எழுத்துப்பிழை இருக்காது. பெயர் சாமுவேல் குலசிங்கம், வயது ஐம்பத்து நான்கு, கூலிமுக்கு வெளியே இருக்கும் இந்த ஆய்வுக்கூடத்தின் மூத்த அதிகாரி.

லோகேஸ்வரியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பக்கிரிசாமியின் மகள். அவளுடைய அம்மா செல்லாயி எங்கள் கூடத்தைக் கூட்டித் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. இங்கே வேலை காலியாக இருக்கிறது என்று மகளுக்குச் சொன்னது அம்மா. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது நான். படித்த பெண், கெட்டிக்காரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் என் கையெழுத்து இல்லாமல் அந்தக் கெட்டிக்காரத்தனம் வாசலைத் தாண்டி உள்ளே வந்திருக்காது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செம்பனை ஆலைகளின் கழிவுநீர்க் குட்டைகளிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. பூமியைச் சூடாக்கும் வாயு. அதைத் தின்று தீர்க்கும் உயிர்களைத் தேடுவது அவள் வேலை. மெர்போக் ஆற்றுச் சதுப்பில் முழங்கால் புதைய நின்று கறுப்புச் சேறு அள்ளி வந்தாள். அந்தச் சேற்றில் காற்றென்பதே கிடையாது. அங்கே இரண்டு நுண்ணுயிர்கள் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. ஒன்று மீத்தேனைத் தின்கிறது. தின்றதில் மிஞ்சும் எலெக்ட்ரான்களை யாராவது வாங்கிக்கொண்டால்தான் அதற்கு அடுத்த கவளம் இறங்கும். ஒட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் மற்றது அவற்றை வாங்கி, உப்புநீரில் இருக்கும் சல்பேட்டைக் கொண்டு தன் வயிற்றைக் கழுவிக்கொள்கிறது. சேற்றில் அடிக்கும் அழுகிய முட்டை நாற்றம் இந்த இரண்டாவதின் கைங்கரியம்.

இவை பெருகுகிற வேகத்தைப் பார்த்தால் நம் அரசாங்க இலாகாக்களே தேவலாம். ஒன்று இரண்டாக மாதக்கணக்கு ஆகும். அப்படி ஏழு ஆண்டுகள், ஐந்து லிட்டர் கண்ணாடிப் போத்தல் ஒன்றில், அவள் அவற்றை வளர்த்தாள். காற்றுப் பட்டால் செத்துவிடும். அதற்காகவே ஒரு சாயம் கலந்து வைத்திருந்தாள். மேல்நீர் தெளிந்திருந்தால் சுகம், காற்று நுழைந்தால் இளஞ்சிவப்பாகிவிடும்.

எங்கள் இருவருடைய கூட்டும் அதே மாதிரிதான். அவள் சோதனை செய்வாள், அறிக்கை எழுதுவாள். நான் வாங்கி, மேலே என் பெயரைப் போட்டு அனுப்புவேன். ஏழு ஆண்டுகளில் ஓர் அறிக்கையும் தேங்கவில்லை.

போன ஆண்டு செப்டம்பரில் அச்சுப்பொறியில் ஒரு கடிதம் கிடந்தது. ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகம் அவளையும் போத்தலையும் அழைத்திருந்தது. என்னை அழைக்கவில்லை. ஏதோ விடுபட்டிருக்கிறது என்று நினைத்து இரண்டாவது பக்கத்தையும் பார்த்தேன். அதிலும் இல்லை.

கூப்பிட்டுக் கேட்டேன்.

"சொல்லலாம்னுதான் சார் இருந்தேன். மொதல்ல ஒரு மாநாடு லா, அங்க பேசிட்டு வந்து முடிவு பண்றேன். பத்து நாளு சூத்தி எழுதிக் குடுத்திருக்கேன்" என்றாள்.

அந்தப் பத்து நாள் விடுப்புத் தாள் என் மேசையில்தான் இருந்தது. போத்தலை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன்.

"நீங்க இருக்கீங்க, அம்மா இருக்காங்க. எனக்கென்ன கவல சார்."

அந்த இரண்டு உயிர்களைப் போலத்தான் நாம் இருவரும், பிரிந்தால் இரண்டுக்கும் ஆகாது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவள் சிரித்தாள். "இல்ல சார். மீத்தேன் திங்கிறதுக்கு வேற ஏதாச்சும் எலெக்ட்ரான வாங்கிக்கிட்டா போதும், தனியாவே பொழைக்குது. நானே பண்ணிப் பாத்துட்டேன். ஒட்டிக்கிட்டு இருந்ததுதான் அப்புறம் பட்டினி."

நுண்ணுயிர்களைத்தான் சொன்னாள், என்னைச் சொல்லவில்லை. இருந்தாலும் அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடனே அவளுடைய எதிர்காலத்தைப் பற்றித்தான் யோசித்தேன். முன்பின் தெரியாத ஊர், வழிகாட்ட ஆளில்லை. போத்தல் இல்லையென்றால் அவளைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாவிட்டால் அவள் பத்திரமாக இங்கேயே இருப்பாள். கணக்கு அவ்வளவு எளிது.

செல்லாயிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுதோறும் சரஸ்வதி பூசைக்கு எங்கள் இயந்திரங்களையெல்லாம் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். நுண்ணோக்கி, குளிர்பெட்டி, போத்தல் எதையும் விட மாட்டார். சீன மேலாளர் இதைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். கிறிஸ்தவனாக இருந்தும் நான் ஒருநாளும் ஆட்சேபித்ததில்லை. பரந்த மனம் வேண்டும் அல்லவா? லோகேஸ்வரி ஜப்பானில் இருந்த வாரக் கடைசியில்தான் பூசை வந்தது.

சனிக்கிழமை மதியம் கூடத்தில் யாரும் இல்லை. வீட்டிலிருந்து மீன் தொட்டிப் பம்பைக் கொண்டுவந்திருந்தேன். மூடியைத் திருகி எடுத்து, குழாயைச் சேறு வரைக்கும் இறக்கி, பம்பை ஓட விட்டேன். குமிழி குமிழியாகக் காற்று ஏறியது. சிறிது நேரத்தில் தண்ணீர் சிவக்கத் தொடங்கியது, வெட்கப்பட்டது போல. நான் யாரையும் கொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மூச்சு விடக் கொடுத்தேன். ஞாயிறு தேவாலயம் முடிந்து வந்து பம்பை எடுத்துப் போனேன். ஒரு நாள் முழுக்கக் காற்று இல்லாமல் வீட்டுத் தொட்டியில் ஒரு தங்கமீன் செத்து மிதந்தது. மனசு சங்கடப்பட்டுவிட்டது. வாயில்லா ஜீவன்.

புறப்படுமுன் துடைப்ப அறைக்குப் போய்ச் செல்லாயியின் குங்குமச் சிமிழை எடுத்தேன். மூடி இறுகிக் கிடந்தது, உள்ளே குங்குமம் கட்டிதட்டியிருந்தது. தண்ணீர் தொட்டுக் குழைத்துப் போத்தலின் நடுவில் ஒரு பொட்டு வைத்தேன். நேராகத்தான் வைத்தேன்.

திங்கள் காலை முதல் ஆளாக வந்து கண்டுபிடித்தவனும் நானே. நாற்றத்தின் பேரில் அறையைப் பூட்டச் சொல்லிவிட்டு மேலாளரை அழைத்தேன். செல்லாயியை அலுவலகத்தில் வைத்து விசாரித்தோம். அவருடைய மலாய் பசாரில் காய்கறி வாங்குவதோடு சரி, ஆங்கிலம் அறவே கிடையாது. ஆகவே நான் மொழிபெயர்த்தேன். வெள்ளிக்கிழமை அந்த அலமாரியைத் துடைத்ததாகச் சொன்னார். போத்தலைத் தொட்டீர்களா என்றேன். "நகத்தி வெச்சுத் தொடச்சேன் சார். மூடி லூசாயிடுச்சோ என்னமோ" என்றார். அந்த "என்னமோ" மொழிபெயர்ப்பில் விட்டுப்போயிற்று. அறிக்கையை எழுதித் தமிழில் வாசித்தும் காட்டினேன். பொட்டைப் பற்றிய வரியை மட்டும் வாசிக்கவில்லை. அந்த வயதில் ஒருவரை அவமானப்படுத்தக் கூடாது. கையெழுத்துப் போட்டார். அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வாசல் கதவின் அட்டைப் பதிவைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. துப்புரவுக்காரிதானே.

அதற்குப் பிறகும் அவர் தினமும் வந்தார். வாசலுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் சாப்பிடுவதில்லை என்று காவலாளி சொன்னார். நான் போய்ப் பேசினேன். வேறு யார் போனார்கள்?

"மககிட்ட என்னன்னு சார் சொல்லுவேன்? ஏழு வருஷம். அவங்கப்பா செத்ததுக்கே அது ஒரு நாளுதான் சூத்தி போட்டுச்சு, போத்தலுக்கு யாரு தண்ணி மாத்துறதுன்னு. நான் பெத்த புள்ள வளத்தத நானே கொன்னுட்டேனே சார்."

மகளுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம், மாநாடு கெட்டுப்போகும், வந்ததும் நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்றேன். நீங்கள் வேண்டுமென்றே செய்யவில்லை, நான் மன்னித்துவிட்டேன் என்றும் சொன்னேன். கண்டீனிலிருந்து சூடாக ஒரு மைலோ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். அன்று அவர் வயிற்றுக்குள் போனது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

லோகேஸ்வரி விமான நிலையத்திலிருந்து நேராக வந்தாள். போத்தல் என் அறையில் சாட்சிப் பொருளாக இருந்தது. அழுவாள் என்று கைக்குட்டை எடுத்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை. சிவந்த நீரைப் பார்த்தாள். பிறகு பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இந்தப் பொட்ட யாரு வெச்சா?"

"வருஷா வருஷம் உன் அம்மா வைப்பதுதானே."

"அப்பா செத்து ஏழு மாசம் சார். அதுலேர்ந்து அம்மா குங்குமத்தத் தொடறதில்ல. இந்த வருஷம் எங்க வீட்டுல பூசையும் கெடையாது, தீவாளியும் கெடையாது." பொட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஏழு மாசமா டெய்லி ஒங்க மேசையத் தொடைக்கிறாங்க. அவங்க நெத்தியப் பாத்ததே இல்லியா நீங்க?"

பார்த்ததில்லை. பக்கிரிசாமி இறந்தது எனக்குத் தெரியும். இருப்பதிலேயே பெரிய மலர்வளையம் அனுப்பியது நான்தான். ஆனால் செல்லாயியின் துடைப்பமும் வாளியும் தெரியும் அளவுக்கு எனக்கு அவருடைய நெற்றி தெரியாது. இது ஒரு குற்றமா, மிஸ் பிரேமாவதி? உங்கள் மேசையைத் துடைப்பவரின் நெற்றி உங்களுக்கு நினைவிருக்கிறதா?

அதன் பிறகுதான் அட்டைப் பதிவைப் பார்த்தார்கள். சனிக்கும் ஞாயிறுக்கும் ஒரே பெயர்.

ஆகவே: போத்தலைத் திறந்தது நான். காற்று விட்டது நான். பொட்டு வைத்தது நான். அந்தத் தாயிடமே தான்தான் கொலைகாரி என்று கையெழுத்து வாங்கி, ஒன்பது நாள் அவர் அதை நம்பிப் பட்டினி கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்ததும் நான். நீங்கள் தயாரித்த தாளில் "காரணம்" என்ற இடத்தில் பொறாமை என்று இருக்கிறது. அக்கறை என்று திருத்திக்கொள்ளுங்கள்.

ஜப்பானியர்கள் போத்தல் இல்லாவிட்டாலும் அவள் வந்தால் போதும் என்று எழுதிவிட்டார்களாம். அது அவர்களுடைய அலட்சியம். போவதற்குமுன் அம்மாவும் மகளும் வாளியோடு மெர்போக்குக்குப் போய்ப் புதுச் சேறு அள்ளியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இன்னும் ஏழு ஆண்டு ஆகும். மேற்பார்வைக்கு வரத் தயார் என்று செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

நேற்று செல்லாயி சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்தபோது நடைவழியில் என் எதிரில் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "நீங்க குடுத்த மைலோவ வாங்கிக் குடிச்சேனே சார்" என்றார். மறுபடியும் அதையே சொன்னார். பிறகு புறங்கையால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டு போனார்.

பாருங்கள், இவ்வளவு நடந்த பிறகும் நான் செய்த நல்லதை அவர் மறக்கவில்லை. அதையும் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.