சிவப்பு வளையம்

— மூணு தடவை பார்த்துட்டேன், என் கையாலேயே. இது நம்ம மாப்பிள்ளையோட ரத்தமே இல்லைங்க.

— லேப்ல குழாய் ஏதாவது மாறியிருக்கும். விடும்மா. டீ ஆறுது பாரு.

— குழாயை மாத்திட்டான்னு சொல்லித்தானே அந்த லேப் பொண்ணை வேலையை விட்டே அனுப்பினாங்க? இப்ப அவளும் இல்லை. எல்லாம் நானே பண்ணேன்.

— கடல் பறவைக்கு, ஒரு ஆலாவுக்குப் போய் மாப்பிள்ளைன்னு பேர் வெச்சே. இப்ப சம்பந்தி சண்டை வேறயா?

— சிரிப்பு வரலைங்க. அவன் குஞ்சா இருக்கும்போதே சிவப்பு வளையம் மாட்டி ரத்தம் எடுத்தேன். அவன் அம்மாவோட அச்சாப் பொருந்துச்சு. இந்த வருஷம் அதே வளையம் போட்ட ஆலாகிட்ட நீங்க எடுத்துட்டு வந்த ரத்தம் அம்மாவுக்கும் ஒட்டலை, அவனோட பழைய ரத்தத்துக்கும் ஒட்டலை. ஒரு உயிருக்கு ரெண்டு ரத்தம் இருக்குமா?

— என்னையே விசாரிக்கிறியா?

— தீவுக்குப் போய் வளையத்தைத் தொடுற ஆள் நீங்க ஒருத்தர்தானே. தலையைக் குனியாம சொல்லுங்க.

— செத்துப் போச்சும்மா. போன வருஷம், நீ ஜுரத்துல படுத்திருந்தப்ப. ஊசி குத்தும்போது கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுட்டேன் போல. கையிலேயே தலை சாஞ்சிருச்சு.

— வளையம்?

— கழட்டி, பக்கத்துக் கூட்டுல இருந்த ஆண் ஆலாவுக்கு மாட்டிட்டேன். நீ தாங்க மாட்டேன்னு நினைச்சேன்.

— கூட்டமெல்லாம் வந்து முட்டையிட்டப்புறம் கடைசியா ஆடி அசைஞ்சு கரைக்கு வர்றவன் அவன். அந்தச் சோம்பல் பிள்ளைங்களுக்கும் வருதான்னுதானே இத்தனை வருஷம் காத்துக் கிடந்தேன்? இந்த வருஷம் முதல் ஆளா வந்தான். குணம் பிறப்புல வர்றதில்லை, மாறும்னு கட்டுரையே எழுதி அனுப்பிட்டேன். பக்கத்துல உக்காந்து பிழை திருத்தினது நீங்க.

— பொய்யை எந்த இடத்துல நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியலைம்மா.

— செத்துடுச்சுன்னு சொல்லியிருந்தா நாலு நாள் அழுதிருப்பேன். அதோட போயிருக்கும்.

— கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கோ. காரணம் ஏதாவது சொல்லிக்கலாம். நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

— அந்தப் பொண்ணு? பழியைச் சுமந்துக்கிட்டுப் போனாளே. வேற எந்த லேப்லயும் அவளை உள்ளயே விட மாட்டேங்கிறாங்களாம்.

— அனுப்பினது இயக்குநர். நான் அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை.

— ஆமா, பேசலை. அவ படிக்கட்டுல நின்னு அழுதப்ப தண்ணி கொண்டு போய்க் குடுத்தீங்க. எவ்வளவு நல்ல மனுஷன்னு பெருமைப்பட்டேன் நான்.

— அவளும் தப்பு தன்னோடதுன்னுதான் நினைச்சிருப்பா. பாவம்.

— இல்லைங்க. அன்னிக்கே என்கிட்ட வந்து சொன்னா. "மேடம், குழாய் மாறலை, பறவைதான் மாறியிருக்கு. சார்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க"ன்னா. நான் உங்களைக் கேக்கவே இல்லை. நேரா இயக்குநர்கிட்ட போய், இவளை அனுப்பிடுங்கன்னு சொன்னேன்.