வண்டி சூடாகும் வரை

மார்கழி, தை மாதங்களில் எங்கள் வண்டிக்குப் பத்து நிமிடம் கொடுக்க வேண்டும், மேடம். சாவியைத் திருகியதும் ஓடிவிடுகிற இந்தக் காலத்துக் கார் இல்லை அது. சோக்கை முழுதாக இழுத்து, ஆக்ஸிலேட்டரை இரண்டு முறை மிதித்து, ஸ்டார்ட் ஆன பிறகு சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். அவசரப்பட்டால் இருமிவிட்டு நின்றுவிடும், தள்ளாமலே விட்டால் புகையாகக் கக்கும். மெக்கானிக் சவுரிமுத்து அண்ணன்தான் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். "தூங்கினுகீற உன்ன எழுப்பி, உடனே பாட்டுப் பாடுன்னா பாடுவியா பாப்பா? அதுக்கும் அப்டித்தான். கொஞ்ச நேரம் வுடு" என்றார்.

அவரை நேற்று மதியத்திலிருந்து இங்கே ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கிறீர்கள் என்று அவருடைய மகள் வந்து சொன்னாள். அதனால்தான் வந்தேன். சைலன்சரில் ஓட்டை இருந்தது, அதை அவர் சரியாக அடைக்கவில்லை, அதனால்தான் என் அண்ணனும் அண்ணியும் இறந்துபோனார்கள் என்று தெருவில் பேசுகிறார்கள். ஓட்டை எதுவும் இல்லை. கார்த்திகையில்தான் அவர் புது சைலன்சர் போட்டார். வேலையை ஒழுங்காகச் செய்த ஒருவர் மேல் பழி விழுவது சரியில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எழுதுகிறவருக்கு வேகம் அதிகமானால் நிறுத்தச் சொல்லுங்கள்.

என் பெயர் ஓவியா. வயது இருபத்தைந்து. பள்ளிப் புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறேன். அண்ணன் வெற்றிவேல் என்னைவிடப் பதினோரு வயது பெரியவர். முடிச்சூர் ரோட்டில் சிமென்ட், கம்பி விற்கும் கடை வைத்திருந்தார். அப்பாவும் அம்மாவும் இல்லை. வண்டி அப்பா வாங்கியது, கடைசி நிலத்தை மனை போட்டு விற்ற வருடம்.

இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் அது கூரை வரை முங்கிவிட்டது. சவுரிமுத்து அண்ணன் பிரித்துக் காயவைத்து மறுபடி ஓடவைத்தார். ஆனால் அன்றிலிருந்து குளிர் என்றால் அதற்கு ஆகாது. அந்த வெள்ளத்தில் அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுச் சிட்டிபாபு அண்ணனின் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவருக்குக் கழுத்து வரை தண்ணீர். என் புத்தகப் பை நனையவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் நல்லவர். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் வண்டியை மூக்கு உள்ளே இருக்கும்படி நிறுத்துவதில்லை. ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று போன் வந்தால் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. எல்லா வண்டிகளும் தெருவைப் பார்த்தபடிதான் நிற்கும். எங்கள் வண்டியும் வீட்டை ஒட்டிய ஷெட்டில் அப்படித்தான் நிற்கும். ஷட்டரைப் பார்த்தபடி மூக்கு, ஷெட்டின் உள்கோடியில் பின்பக்கம். அந்த உள்கோடிச் சுவரில் ஒரு சன்னல் உண்டு. அண்ணனின் படுக்கையறைச் சன்னல். முன்பு அங்கே கொய்யா மரம் இருந்தது. மரத்தை எடுத்துவிட்டு ஷெட் போட்டபோது சன்னலை யாரும் அடைக்கவில்லை.

அண்ணன் ஆறு மணிக்குக் கடை திறக்கப் போவார். நான் எப்படியும் ஐந்துக்கே விழித்துவிடுவேன் என்பதால் வண்டியைச் சூடாக்குவது என் வேலை. ஷட்டரைத் தூக்கிவிட்டு, ஸ்டார்ட் செய்துவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து சின்ன விளக்கில் படிப்பேன். பத்து நிமிடம் என்றால் நான்கு பக்கம். நான் படிப்பது பெரும்பாலும் மொழிபெயர்ப்புகள். பனி கொட்டுகிற நாடுகளின் கதைகள். வண்டி சூடான பிறகு மாடிக்குப் போய் என் அறைச் சன்னலில் நிற்பேன். பின்னால் முழுவதும் கல் நட்ட காலி மனைகள். மார்கழியில் அதன் மேல் பனி இறங்கிவிட்டால் கல் தெரியாது, வேலி தெரியாது, அது முடிச்சூர் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏழு மணிக்குள் கலைந்துவிடும். எனக்கு அந்த ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. வேறு எதையும் நான் யாரிடமும் கேட்டதில்லை.

ஆவணியில் ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணன் சொன்னார்.

"பாப்பா, வூட்ட பில்டர்கிட்ட குடுத்துடலாம்னு கீறேன். இடிச்சிட்டு ஆறு ஃபிளாட்டு கட்றான். ஒண்ணு உன் பேர்ல."

"எனக்கு இந்த வீடே போதும்ணா."

"இது இன்னா வூடு? ஒவ்வொரு ஐப்பசிக்கும் டிவிய மாடிக்குத் தூக்கினு ஓடறோம். கொழந்த பொறந்தா அதையும் தூக்கினு ஓடணுமா?"

கீதா அண்ணி அப்போது மூன்று மாதம். அவர் சிரித்துக்கொண்டே, "விடுங்க. ஓவியாவக் கட்டிலோட தூக்கிட்டுப் போயி வேற எடத்துல வச்சாலும் அதுக்குத் தெரியாது. கையில புக்கு இருந்தா சரி" என்றார். நானும் சிரித்தேன். அண்ணி அப்படித்தான், கேலி செய்தால்கூட வலிக்காது.

அண்ணன் சொன்னதில் நியாயம் இருந்தது. பத்திரத்தில் என் கையெழுத்தும் வேண்டும் என்றார். போட்டேன். நீ ஏன் மறுக்கவில்லை என்று கேட்பீர்கள். அவர் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை, மேடம். மறுத்திருந்தால் அவர் மனசு கஷ்டப்பட்டிருக்கும். பொங்கல் முடிந்து வருகிற திங்கட்கிழமை இடிக்கத் தொடங்குவதாக இருந்தது.

மார்கழி இரண்டாவது வாரம் ஒரு காலையில் தூறல் போட்டது. சாரல் உள்ளே அடிக்கிறதே என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வண்டியை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பாப்பா, ஷட்டர நல்லாத் தூக்கி வுட்டுட்டு ஸ்டார்ட் பண்ணு. மொத்தப் பொகையும் ரூமுக்குள்ள வருது. மண்ட இடிக்குது. கொன்னுடுவ போலகீதே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றிலிருந்து நான் ஒரு நாளும் ஷட்டரை இறக்கவில்லை. ஆனால் அந்த வாரம் படித்த ஒரு கதையில், குளிருக்குப் பயந்து புகைபோக்கியை அடைத்துவிட்டுத் தூங்கிய ஒரு குடும்பம் வந்தது. காலையில் கதவை உடைத்து உள்ளே போனவர்களுக்கு, எல்லோரும் கன்னம் சிவக்க நன்றாகத் தூங்குவதுபோல் தெரிந்ததாம். அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். அவ்வளவுதான். திட்டம் என்று அதைச் சொல்ல முடியாது.

போகிக்கு முந்தின நாள் அண்ணன் கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். அவருக்கு வீசிங் உண்டு. போகி என்றால் பயம்.

"நாளைக்கு விடியறதுக்கு முன்னாடியே டயரக் கொளுத்துவானுங்க. தெருப் பக்கம், பின்பக்கம் ரெண்டு சன்னலயும் மூடிடு. சந்துல ஈரத்துணி வை."

"ஷெட்டுப் பக்கம்ணா?"

"அத மட்டும் தொறந்து வை. அங்கதான் பொகை வராது. காத்தே இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

துண்டுகளை நனைத்துப் பிழிந்து நானே வைத்தேன். கதவுக்கு அடியில் ஒன்று, சன்னலுக்கு இரண்டு. மூலைகளில் விரலால் அழுத்திவிட்டேன். அவருக்கு மூச்சுத் திணறக் கூடாது என்பதில் நான் எப்போதும் கவனமாக இருப்பேன். மாத்திரையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்த் தூங்கிவிட்டேன்.

அண்ணி வளைகாப்பு முடிந்து மதுராந்தகத்தில் தன் அப்பா வீட்டில் இருந்தார். குழந்தை பிறந்த பிறகுதான் வருவதாகப் பேச்சு. நான் தூங்கிய பிறகு அவருடைய அப்பா சுப்பராயலு வாடகை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாராம். வண்டிச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

ஐந்து மணிக்குக் கீழே வந்தேன். தெருமுனையில் பாய்கள் எரிந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். பனியும் புகையும் சேர்ந்து எதிர்வீட்டு விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. ஷட்டரைத் தூக்கினால் அந்தப் புகை உள்ளே வரும், அண்ணனுக்கு ஆகாது, அதனால் தூக்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது அது சரியான காரணமாகத்தான் இருந்தது.

மாடிப்படியிலிருந்து ஷெட்டுக்குள் போக ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அதன் வழியாக உள்ளே போய் விளக்கைப் போட்டேன். வீட்டுக்குள் போகும் வாசலில் அண்ணனின் செருப்புக்குப் பக்கத்தில் அண்ணியின் செருப்பு கிடந்தது. கால் வீங்குகிறது என்று டாக்டர் வாங்கிப் போடச் சொன்ன நீலச் செருப்பு, அகலமானது. வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவசரப்பட்டுச் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அண்ணி வந்திருக்கிறார், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு, இன்னொரு போகி வரும்போது வீடு இருக்காது என்பதும் தோன்றியது. செருப்பு சைலன்சருக்கு நேராக இருந்தது. கரி படிந்துவிடும் என்று எடுத்து ஓரமாக வைத்தேன்.

சோக்கை முழுதாக இழுத்து ஸ்டார்ட் செய்தேன். அன்று அதை உள்ளே தள்ளவில்லை. வெளியே வந்து சின்னக் கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தில் படித்தேன். ஒன்பதாவது பக்கத்தில் உள்ளே ஒரு இருமல் கேட்டது. அண்ணனா அண்ணியா என்று தெரியவில்லை. மறுபடி கேட்கிறதா என்று பார்த்தேன். கேட்கவில்லை. பக்கத்தைத் திருப்பினேன். நாற்பத்தொரு பக்கம் முடிந்ததும் ஷட்டரைத் தூக்கிவிட்டு, ஷெட்டில் புகை போகும்வரை வெளியே நின்று, வண்டியை நிறுத்தினேன். அது ஒரு தடவைகூட இருமவில்லை. புது சைலன்சர் நன்றாக வேலை செய்தது. சவுரிமுத்து அண்ணனை விட்டுவிடலாம் என்று சொல்வது அதனால்தான்.

டீ போட்டேன். மூன்று டம்ளரில் ஊற்றினேன். கதவைத் தட்டினேன், திறக்கவில்லை என்று சிட்டிபாபு அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் தோளால் இடித்துத் திறந்தார்.

"ஐயோ, வெற்றி! டேய் மச்சான்! இன்னாடா இது... போகிப் பொகை பூந்துகீதும்மா. கொளுத்தாதீங்கடான்னு தலதலயா அட்ச்சிகினேனே, ஒருத்தன் கேட்டானா!"

தெருவில் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஆஸ்பத்திரி டாக்டர்தான் இது டயர்ப் புகை இல்லை, வண்டிப் புகை என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு நீங்கள் வண்டியைப் பார்க்க வந்தீர்கள். இரண்டு பேரும் நல்ல நிறமாக இருந்தார்கள், மேடம். அண்ணி வயிற்றின் மேல் கை வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் சுப்பராயலு மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "வராதம்மா, இந்த ஒடம்போட அலையாதன்னு சொன்னேன். கேக்கலியே. ஓவியா பாவம்பா, வீட்ட நெனச்சி மருகுது. அந்த வீட்டுல கடைசிப் பொங்கல, கூட இருந்து வச்சிக் குடுத்துட்டு வந்துடறேன்னு புடிவாதம் புடிச்சிதும்மா." தூங்கி எழுந்ததும் நான் பார்த்து ஆச்சரியப்பட வேண்டும் என்று இரண்டு பேரும் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தார்களாம். நான் அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அழாதீர்கள் என்று சொன்னேன். அவர்கள் தூக்கத்திலேயே போய்விட்டார்கள், எதுவும் தெரிந்திருக்காது என்றேன். அந்த ஒரு இருமலைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

பில்டர் ஆபீசிலிருந்து நேற்று போன் செய்தார்கள். துக்கம் விசாரித்தார்கள். இந்த நிலைமையில் திங்கட்கிழமை எதுவும் செய்யப்போவதில்லை, மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். மரியாதையாகப் பேசினார்கள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். எழுதியதைக் கொடுங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். பிழை இருந்தால் திருத்தியும் கொடுத்துவிடுகிறேன், அது எனக்குப் பழக்கம்தான். பிறகு சவுரிமுத்து அண்ணனை அனுப்பும்போது என்னையும் அனுப்பிவிடுங்கள். காலையில் கிளம்பிய அவசரத்தில் மாடிச் சன்னலைத் திறந்துபோட்டுவிட்டு வந்துவிட்டேன். இருட்டினால் கொசு வந்துவிடும். நான் போகாவிட்டால் அந்த வீட்டில் யாருமே இருக்கமாட்டார்கள்.